உப்புத்தாள், பழைய காலண்டர், கல்யாணப் பத்திரிகை: சிறு குழந்தைக்குக் குறைந்த செலவில் கற்றல் பொருட்கள் சேர்த்த அனுபவம்

மகளுக்கு மூன்றரை வயது நடந்துகொண்டிருந்தபோது, ஒரு பெரிய கடையில் 1,150 ரூபாய் கொடுத்து, 48 துண்டுகள் கொண்ட உலக வரைபடப் புதிர் ஒன்றை வாங்கி வந்தேன். மூன்று வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு உரியது என்று பெட்டியின் மேல் அச்சிட்டிருந்தார்கள். அவள் ஆப்பிரிக்காவைக் கடித்துப் பார்த்தாள், ஆஸ்திரேலியாவைச் சோபா இடுக்கில் செருகினாள், பிறகு காலிப் பெட்டியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு வீட்டைச் சுற்றி வந்தாள். அதே வாரம் பல்லாவரம் வெள்ளிச் சந்தையில் 30 ரூபாய்க்குக் கிடைத்த ஒரு மரப்பலகை, மாம்பழப் படம் ஒன்றை நான்கே துண்டுகளாகப் பிரித்தது, அவளை நான்கு நாட்கள் தரையை விட்டு எழவிடவில்லை. ஐந்தாம் நாள் காலையில் அதை ஒருமுறை கலைத்துச் சேர்த்துவிட்டு ஓரமாக வைத்தவள், அதன் பிறகு அதைத் தொடவே இல்லை.

இந்த இரண்டு பொருட்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான், பொம்மைக்கும் புதிருக்கும் உள்ள வேறுபாடு எனக்குப் பிடிபட்டது. பொம்மையை ஒரு குழந்தை ஆண்டுக்கணக்கில் தூக்கிக்கொண்டு அலையலாம். புதிர் அப்படி அல்ல, அது பால் பாக்கெட்டைப் போலத் தீர்ந்துபோகிற பொருள். விடை கைக்குப் பழகிய அன்றே அதன் வேலை முடிந்துவிடுகிறது, அடுத்து அதைவிட ஒரே ஒரு படி கடினமான ஒன்று தேவைப்படுகிறது. ஆகவே ஒரு புதிருக்கு என்ன விலை என்று கேட்பதை விட்டுவிட்டு, மாதத்துக்கு மூன்று புதிய புதிர்களை எப்படிக் கொண்டுவருவது என்று யோசிக்கத் தொடங்கினேன். அதற்கு என் சம்பளத்தில் ஒதுக்க முடிந்தது மாதம் 200 ரூபாய். ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் அந்தத் தொகைக்குள்ளேயே சமாளித்தோம்.

முதலில் கைவைத்தது காலண்டரில். மளிகைக் கடை, நகைக்கடை, வங்கி என்று ஆண்டுதோறும் ஐந்தாறு காலண்டர்களாவது எங்கள் வீட்டுக்கு வந்து சேரும். கெட்டியான தாளில் பளிச்சென்று அச்சான படங்கள், அளவும் பெரிது. ஆனால் அவற்றில் பெரும்பாலானவை சாமி படங்கள். நான் கத்தரிக்கோலை எடுத்ததைப் பார்த்த என் மாமியார், "ஏம்மா, முருகனையா வெட்டப் போற?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. அன்று முதல் உரக்கடைக் காலண்டரின் காய்கறிப் படங்களும், வங்கிக் காலண்டரின் ரயில் பாலமும்தான் புதிராயின. பிறகு யோசித்துப் பார்த்தால், அத்தை சொன்னது வேறொரு வகையிலும் நல்லதாகவே முடிந்தது. சாமி படங்களில் பின்னணி முழுவதும் ஒரே தங்க நிறமாக இருப்பதால், வெட்டிய துண்டுகளில் பாதி ஒன்றுபோலவே இருக்கும், சிறு குழந்தைக்கு அது வெறும் திண்டாட்டம். ஒரு மூலையில் கத்தரிக்காய், மறு மூலையில் பூசணி, நடுவில் கூடை என்று ஒவ்வொரு பகுதிக்கும் தனி அடையாளம் உள்ள படமே தொடக்கத்துக்கு ஏற்றது.

படத்தை ஒட்டச் சட்டைப் பெட்டியின் அட்டையும் சேலைப் பெட்டியின் அட்டையும் போதும். முதல் முறை மைதாப் பசை காய்ச்சி ஒட்டினேன், மூன்றாம் நாள் எறும்பும் ஒரு வாரத்தில் பூஞ்சையும் வந்துவிட்டன. அடுத்ததாக ஃபெவிக்காலில் சிறிது தண்ணீர் கலந்து ஒட்டியபோது, காலையில் அட்டை வில்லைப் போல் வளைந்து கிடந்தது. ஒரு பக்கம் மட்டும் தாள் ஒட்டினால், பசை காயும்போது அந்தத் தாள் சுருங்கி அட்டையைத் தன் பக்கம் இழுத்துவிடும் என்றும், பின்புறமும் ஒரு தாளை ஒட்டிவிட்டால் இரண்டு பக்க இழுவையும் சமமாகி அட்டை நேராக நிற்கும் என்றும் எங்கள் தெருவில் புத்தகம் பைண்டிங் செய்கிறவர் சொன்னார். அதன் பிறகு பின்புறம் ஒரு வண்ணத்தாளை ஒட்டி, அரிசி டப்பாவின் அடியில் ஓர் இரவு வைத்து எடுப்பது வழக்கமாயிற்று. பின்புற வண்ணம் இன்னொரு வகையிலும் கைகொடுத்தது. ஐந்து புதிர்களின் துண்டுகள் ஒன்றோடொன்று கலந்துவிட்டால், திருப்பிப் போட்டாலே பச்சை எது, ஊதா எது என்று இரண்டு நிமிடத்தில் பிரித்துவிடலாம், பிரிப்பதை மகளே ஒரு விளையாட்டாகச் செய்வாள்.

வெட்டுவதற்கு இரும்பு அடிக்கோலும் கட்டரும் வேண்டும், குழந்தை தூங்கிய பிறகுதான் இந்த வேலை. கடையில் விற்பவற்றைப் போல் குமிழும் குழியுமாக வெட்ட முயன்று இரண்டு படங்களைப் பாழாக்கினேன். அது தேவையே இல்லை. நேர்கோட்டில் நான்கு துண்டு, ஒரு வாரம் கழித்து அதே படத்தை எட்டுத் துண்டு, அதற்குப் பிறகு வளைவாக வெட்டிய வேறு படம் என்று போனால் போதும். ஒரே படத்தை மேலும் மேலும் சிறிதாக வெட்டிக்கொண்டே போக முடிவது வீட்டில் செய்த புதிருக்கு மட்டுமே உள்ள வசதி. படம் ஏற்கெனவே தெரிந்ததாகவும் துண்டு மட்டும் புதியதாகவும் இருப்பதால், குழந்தை மலைத்துப்போய் விலகுவதில்லை.

கல்யாணப் பத்திரிகைகளை நான் பழைய பேப்பரோடு சேர்த்துப் போட்டுக்கொண்டிருந்தவள். அவற்றின் அட்டை வழவழப்பாகவும் உறுதியாகவும் இருப்பதைக் கவனித்த பிறகு, உறவினர் வீடுகளிலும் சொல்லிவைத்து வாங்கினேன். ஒரே பத்திரிகை இரண்டு வீடுகளுக்கும் வந்திருந்தால், அது ஜோடி சேர்க்கும் ஆட்டத்துக்கு உதவும். ஒற்றைப் பத்திரிகைகளில், துண்டுகளை அடுக்கிப் பூனை போன்ற உருவங்களைச் சேர்க்கும் டேன்கிராம் என்ற புதிரைச் செய்தேன். ஒரு சதுரத்திலிருந்து இரண்டு பெரிய முக்கோணம், ஒரு நடுத்தர முக்கோணம், இரண்டு சிறிய முக்கோணம், ஒரு சதுரம், ஓர் இணைகரம் என ஏழு துண்டுகள் கிடைக்கும். இதில் இணைகரம் மட்டும் தகராறு பிடித்தது. மற்ற ஆறையும் திருப்பித் திருப்பி வைத்தே எந்தத் திசைக்கும் கொண்டுவந்துவிடலாம், இணைகரத்தைச் சில வடிவங்களுக்குக் குப்புறக் கவிழ்த்தே ஆக வேண்டும். பத்திரிகையின் ஒரு பக்கம் சிவப்பும் மறுபக்கம் வெள்ளையுமாக இருந்ததால், 'வெள்ளையாப் போட்டா தப்பு' என்று மகள் தானாகவே ஒரு விதி வகுத்துக்கொண்டு, பூனையின் வால் சேராமல் அழுதாள். இரண்டு பக்கமும் ஒரே நிறமுள்ள அட்டையில் மறுபடி வெட்டிக் கொடுத்த அன்று வால் சேர்ந்தது. நான்கு வயதில் வெறும் நிழலுருவத்தைப் பார்த்துச் செய்ய வராது. துண்டுகளின் உண்மை அளவிலேயே, உள்கோடுகளோடு தாளில் வரைந்து கொடுத்து, அதன் மேல் வைக்கச் சொல்லித் தொடங்கினால் பழகிவிடும்.

எழுத்துகளுக்கு வந்தபோது, நர்சரி பள்ளி ஒன்றில் சேர்க்கையின்போதே 3,500 ரூபாய்க்குக் 'கற்றல் பெட்டி' வாங்கச் சொன்னது நினைவுக்கு வருகிறது. அதில் இருந்தவற்றில் எனக்கு உண்மையிலேயே பிடித்தது சொரசொரப்பான எழுத்துப் பலகை ஒன்றுதான். அது இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரி கையாண்ட முறை. அவர் 1939-ல் பிரம்மஞான சபையின் அழைப்பில் அடையாறுக்கு வந்து, போர் மூண்டதால் 1946 வரை இந்தியாவிலேயே தங்க நேர்ந்தது. ஆசிரியர்களுக்கு அவர் பயிற்சி அளித்த ஊரில் இருந்துகொண்டு, அந்தப் பலகையை இத்தனை விலை கொடுத்தா வாங்க வேண்டும் என்று தோன்றியது. ஹார்டுவேர் கடையில் உப்புத்தாள் கேட்டால் என்ன நம்பர் என்பார்கள். நம்பர் கூடக்கூடச் சொரசொரப்பு குறையும். 80 நம்பர் பிஞ்சு விரலை உரசிச் சிவக்க வைத்துவிடும், 150-க்கு மேல் வாங்கினால் விரலுக்கு இதமாக இருக்கும்.

உப்புத்தாளின் பின்பக்கத்தில் 'க' வரைந்து வெட்டி, திருப்பி ஒட்டிய பிறகுதான் அது கண்ணாடியில் தெரியும் 'க' ஆகிவிட்டது உறைத்தது. பின்பக்கத்தில் வரைவதானால் எழுத்தை இடவலம் மாற்றித்தான் வரைய வேண்டும். ஒரு முழுத் தாளும், வீட்டின் நல்ல கத்தரிக்கோலின் கூர்மையும் அந்தப் பாடத்துக்குச் செலவாயின. பிறகு அதைவிட எளிய வழி கிடைத்தது. அட்டையில் ஃபெவிக்காலால் தடிமனாக எழுத்தை எழுதி, அதன் மேல் கோலப்பொடியைத் தூவி, காய்ந்ததும் தட்டிவிட்டால் போதும். ரவையைத் தூவினால் மறுபடி எறும்பு. அரிசிமாவுக் கோலப்பொடியும் அப்படித்தான், கல்மாவுப் பொடிதான் இதற்குச் சரி. அ, ஆ என்று வரிசையாகத் தொடங்காமல், நேர்கோடுகளால் ஆன ட, ப, பிறகு ம, ய என்று போனது விரலுக்கு எளிதாக இருந்தது.

உயிர்மெய் 216-க்கும் அட்டை செய்வது என்று தொடங்கினால் யாரும் முடிக்க மாட்டார்கள், நானும் நாற்பதோடு நிறுத்தியவள்தான். அப்போது ஓர் இரவு உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். நம் எழுத்தில் கால், ஒற்றைக் கொம்பு, இரட்டைக் கொம்பு, ஐகாரக் கொம்பு ஆகிய நான்கும் எழுத்தோடு ஒட்டாமல் தனியே நிற்பவை. 18 அகர எழுத்து அட்டைகளையும் இந்த நான்கு குறிகளையும் வைத்துக்கொண்டால், கா, கெ, கே, கை, கொ, கோ என்று ஆறு வரிசைகள் வந்துவிடும். ஔகாரத்துக்கு 'ள' அட்டையையே பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம், 'ளௌ' எழுத வேண்டுமானால் மட்டும் இன்னொரு 'ள' வேண்டும். அகர வரிசையையும் சேர்த்தால் இதிலேயே 144 உயிர்மெய் அடங்கிவிடுகிறது. புள்ளிக்கு, அத்தையின் ஒட்டுப் பொட்டு அட்டையிலிருந்து கறுப்புப் பொட்டு ஒன்றை எடுத்துக்கொண்டோம். 'க'வின் தலையில் பொட்டு வைத்தால் 'க்', எடுத்தால் 'க'. மெய்யெழுத்து பதினெட்டும் ஒரு பொட்டில் முடிந்தது. எழுத்தோடு ஒட்டி உருவம் மாறும் இ, ஈ, உ, ஊ வரிசைகள் 72-க்கும் மட்டும் தனி அட்டை எழுதினேன், அவற்றிலும் குழந்தையைக் குழப்புவது கு, டு, து என்று ஆளுக்கொரு விதமாக வால் நீட்டும் உகர வரிசைதான். மகள் பொட்டு வைத்து எடுக்கும் விளையாட்டிலேயே அம்மா, அப்பா, தட்டு, பட்டம் ஆகிய சொற்களைக் கூட்டிவிட்டாள். பொட்டு இல்லாமல் 'அமமா' என்று வைத்துவிட்டு, அதை அப்படியே படித்துச் சிரிப்பது அந்த மாதம் முழுவதும் நடந்தது.

பல்லாவரம் சந்தை வெள்ளிக்கிழமை மட்டும் பழைய டிரங்க் சாலையில் கூடுவது. பழைய நாற்காலிகளுக்கும் செடிகளுக்கும் நடுவில் பொம்மைக் குவியல்களும் கிடக்கும். அங்கே வாங்குகிறவர்களுக்கு என் அனுபவத்தில் சொல்லக்கூடியது, பெட்டியைத் திறந்து துண்டுகளை அங்கேயே எண்ணிப் பார்த்துவிட வேண்டும் என்பதுதான். ஒன்றிரண்டு குறைந்தால் பரவாயில்லை. அதைச் சொல்லியே விலையையும் குறைக்கலாம், பக்கத்துத் துண்டுகளின் ஓரத்தை அட்டையில் வரைந்து இல்லாத துண்டை வெட்டியும்விடலாம். நிறம் உரிந்து வரும் மரச்சாமான், காந்தம் வெளியே தெரியும் பொருள், பொத்தான் அளவு பேட்டரியின் மூடி திருகாணி இல்லாமல் திறந்துகொள்ளும் பொருள் ஆகியவற்றை இனாமாகக் கொடுத்தாலும் நான் எடுப்பதில்லை. புதிதாக வாங்கும் விளையாட்டுப் பொருட்களுக்கு 2021 ஜனவரி 1 முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயமாக்கப்பட்டிருக்கிறது. சந்தைக் குவியலில் அந்தப் பாதுகாப்பு இல்லை, அதை நம் கண்ணால்தான் ஈடுகட்ட வேண்டும். மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தை வீட்டில் இருந்தால் துண்டின் அளவும் முக்கியம். சிறு துண்டு தொண்டையில் சிக்குமா என்று பார்க்கும் சோதனைக் குழாயின் விட்டம் 31.7 மில்லிமீட்டர், பத்து ரூபாய் நாணயத்தைவிடச் சற்றுப் பெரிது. அதற்குள் முழுவதும் அடங்கும் எதுவும் அந்த வயதுக்கு ஆகாது.

ஆபத்து சந்தையிலிருந்து மட்டும் வருவதில்லை. அத்தை ஊருக்குப் போய்த் திரும்பும்போது, பேத்திக்கு என்று பல்லாங்குழிப் பலகையும் ஒரு டப்பா நிறையக் குன்றிமணியும் கொண்டுவந்தார். சிவப்பும் கறுப்புமாக அத்தனை அழகு. அவர் சிறுவயதில் விளையாடியதும் அதை வைத்துத்தான். ஆனால் குன்றிமணிக்குள் இருக்கும் அப்ரின் கடுமையான நஞ்சு. தோடு உடையாமல் இருக்கும்வரை பெரும்பாலும் ஒன்றும் செய்யாத அந்த விதையை, குழந்தை கடித்து மென்றுவிட்டால் உயிருக்கே ஆபத்து. இதை அத்தையிடம் எப்படிச் சொல்வது என்று ஒரு நாள் முழுவதும் தயங்கினேன். கடைசியில் சொன்னபோது அவர் கோபப்படவில்லை. "அப்ப புளியங்கொட்டையை எடு" என்று மட்டும் சொன்னார். குழிக்கு ஐந்து வீதம் 14 குழிக்கு 70 கொட்டைகளைத் தண்ணீரில் அலசிக் காயவைத்தோம். மூக்கில் போட்டுக்கொள்ளும் வயது தாண்டியிருந்தாலும், பெரியவர் ஒருவர் கூட இருக்கும்போது மட்டுமே அந்த டப்பா கீழே இறங்கும். மிச்சக் கொட்டைகளில் ஆறை, அத்தை வாசல் சிமெண்டுத் தரையில் ஒரு பக்கம் மட்டும் வெள்ளை தெரியும்வரை தேய்த்துத் தாயம் உருட்டக் கொடுத்தார். பலகை இல்லாதவர்களுக்கு, முப்பது முட்டை வைக்கும் காகிதத் தட்டில் பதினான்கு குழிகளை வெட்டி எடுத்தால் போதும். ஒவ்வொரு குழியிலும் ஒன்றொன்றாகப் போட்டுக்கொண்டே போகும் கையும், எண்ணிக்கொண்டே போகும் வாயும் ஒன்றுசேர்வதற்கு இதைவிட நல்ல கருவியை நான் எந்தக் கடையிலும் பார்க்கவில்லை.

புத்தகங்களைப் பொறுத்தவரை அலைச்சல் குறைவு. பிரதம் புக்ஸ் 2015-ல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்ப் படக்கதைகளைப் படிநிலை வாரியாக இலவசமாகப் படிக்கலாம், தரவிறக்கி அச்சிடவும் அனுமதி உண்டு. கருப்புவெள்ளையில் ஜெராக்ஸ் எடுத்தால் நிறம் தீட்டும் வேலையும் குழந்தைக்குக் கிடைத்துவிடும். தமிழ்நாடு அரசின் முதல் வகுப்புப் பாடநூலும் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சிக்குப் போனால் வழக்கமான பத்து சதவீதக் கழிவோடு, நேஷனல் புக் டிரஸ்டின் சிறுவர் நூல்களை ஒரு பை நிறைய அள்ளி வரலாம். கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தின் குழந்தைகள் பிரிவுக்கு மாதம் ஒரு ஞாயிறு போனோம். பயன்படுத்தி எறிந்த பொருட்களிலிருந்து அறிவியல் பொம்மைகள் செய்து காட்டும் அரவிந்த் குப்தாவின் காணொளிகளிலிருந்து, சைக்கிள் வால்வு டியூபையும் தீக்குச்சிகளையும் இணைத்து முக்கோணமும் சதுரமும் செய்வதைக் கற்றோம். குச்சிகளின் மருந்தை முதலில் கிள்ளி எறிந்துவிட வேண்டும். முக்கோணத்தை அமுக்கினால் அசையவில்லை, சதுரம் மட்டும் ஏன் சாய்கிறது என்று மகள் கேட்டதற்கு, என்னாலும் உடனே சரியாகச் சொல்ல முடியவில்லை.

தீர்ந்துபோன புதிர்களை என்ன செய்வது என்ற கேள்விக்கு எங்கள் குடியிருப்பிலேயே விடை கிடைத்தது. சிறு குழந்தைகள் உள்ள ஐந்து வீடுகள் சேர்ந்து, ஞாயிறுதோறும் ஒரு மஞ்சள் பையைக் கைமாற்றிக்கொள்கிறோம். ஒவ்வொரு புதிரும் பழைய சேலைக் கவர் ஒன்றில், எத்தனை துண்டுகள் என்று மேலே எழுதப்பட்டு இருக்கும். தொலைந்த துண்டுக்கு யாரும் யாரிடமும் கணக்குக் கேட்பதில்லை என்பதை முதல் நாளே பேசி முடிவு செய்துவிட்டோம். அதைப் பேசாமல் விட்டிருந்தால் இந்தப் பை இரண்டாம் மாதமே நின்றிருக்கும். அந்த 1,150 ரூபாய் உலக வரைபடமும் இந்தப் பையில்தான் சுற்றுகிறது. இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு எங்கள் வீட்டுக்கே அது திரும்பி வந்தபோது, மகள் ஒரே மாலையில் அதைச் சேர்த்துவிட்டாள். கடைசியில் ஆஸ்திரேலியா இருந்த இடத்தில், மூன்றாம் மாடி வீட்டில் யாரோ பால்பொடி டப்பா அட்டையில் வெட்டி நீலப் பேனாவால் கோடு போட்ட ஒரு துண்டு இருந்தது.

இப்போது அவளுக்கு ஐந்தரை வயது, முனை மழுங்கிய கத்தரிக்கோல் ஒன்று சொந்தமாக இருக்கிறது. சென்ற மாதம் ஒருநாள் வேலை முடிந்து வந்து பார்த்தால், சமையலறைச் சுவரில் தொங்கிய மாதக் காலண்டரின் நடப்புத் தாளை எடுத்து இருபதுக்கும் மேற்பட்ட துண்டுகளாக வெட்டி வைத்திருந்தாள். மாதம் முடிய இன்னும் ஒன்பது நாட்கள் இருந்தன, பால் வராத நாட்களையெல்லாம் அந்தத் தாளில்தான் வட்டமிட்டு வைத்திருந்தேன். பால்காரருக்குக் கணக்குச் சொல்ல வேண்டும் என்று நான் பதறியதும், அவள் அமைதியாகத் தரையில் உட்கார்ந்து, "பதினாறுக்குப் பக்கத்துல பதினேழு, அதுக்குக் கீழ இருபத்துநாலு" என்று சொல்லிக்கொண்டே ஒவ்வொன்றாகப் பொருத்தத் தொடங்கினாள். மேசைக்கு அடியில் கிடந்த கடைசித் துண்டையும் கண்டெடுத்த பிறகு எண்ணிப் பார்த்தோம், பால் வராத நாட்கள் மூன்று.